குடல் கழுவத் தெரியாதவள்

ஞாயிறு, இரவு. மர்பி டவுன்.

காலையில் அம்மா குழாயடியில் உட்கார்ந்து ஆட்டுக்குடல் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிரீஸிலும் இதைச் சமைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

"நெஜமாவா? எப்டிடி கழுவுறாங்க?"

"நம்மள மாதிரிதாம்மா. குச்சிய வுட்டு உள்பக்கத்த வெளிய திருப்புறாங்க. மஞ்சத்தூளுக்குப் பதிலா எலுமிச்சம்பழம்."

அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நீ கழுவிக் காட்டினியா?"

"ம்" என்றேன்.

பொய். போன வாரம் ஆபீஸ் தோழிகளோடு கிரீஸில் ஒரு தீவுக்குச் சுற்றுலா போனபோது, அங்கே ஒரு சமையல் வகுப்புக்குப் போயிருந்தோம். சொல்லிக்கொடுத்த அம்மாள் குடலைத் தட்டில் வைத்து, யாருக்காவது கழுவத் தெரியுமா என்று கேட்டாள். பத்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் கழுவிய கை என்னுடையது. பக்கத்தில் நின்றவள், "ஐயோ, இதப் போய் யாரு சாப்பிடுவாங்க?" என்றாள். அவளைவிடச் சத்தமாக நான், "பாத்தாலே கொமட்டுதுப்பா" என்றேன். அந்த அம்மாள் தனியாகவே கழுவி முடித்தாள்.

இன்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு வெள்ளக்காரிக்கே கொடல் கழுவக் கத்துக் குடுத்துட்டு வந்திருக்கா!" என்கிறாள். சாயங்காலம் வரை போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை என்றேன்.

எடுத்தார்கள். என் போனிலேயே இருக்கிறது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.