என் பேருக்கு நேராக

பிடிவாதக்காரிக்கு,

நூலகத்து இரவல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. யார் என்ன படித்தார்கள் என்று அரசாங்கம் கேட்டால் கொடுத்துத் தொலைக்காமல், உத்தியோகத்தைப் பணயம் வைக்கிறாயே என்று எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

நேற்று பதிவேட்டைக் கேட்கிற அந்த அதிகாரி நம் பெயின்ட் கடைக்கே வந்துவிட்டார்.

"முதலாளி, நீங்களாவது வீட்டம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. சஸ்பெண்டை ரத்து பண்ணிடறோம்."

"சொல்றேன் சார். எந்த மாசத்துப் பக்கம் வேணும்?"

"மூணு வருஷமும் வேணும். ஒரு பேர் விடாம."

அதில் என் பேரும் வருமே. மூன்று வருஷத்துக்கு முன், நாம் முகம் கொடுத்துப் பேசாத அந்த மாசம், நீ லீவு போட்ட நாளாகப் பார்த்து விவாகரத்துச் சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, நூலக வாசல் பெட்டியில் போட்டுவிட்டு நழுவினேன்.

பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. பெட்டியில் விழுகிற புத்தகத்துக்கெல்லாம், எடுத்தவர் பேருக்கு நேராக 'திரும்பியது' என்று எழுதுகிறவள் நீதானே! இந்த மூன்று வருஷத்தில் என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"அவ தரமாட்டா சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதிவேட்டை என்ன செய்வாயோ, எனக்குத் தெரிய வேண்டாம். நீ வந்து என்னைத் திட்டு.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்தில் பேர் இருக்கிறவன்