என் கையை நான் நம்பாத நாட்கள்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. இந்நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். பகலில் எழுதினால் அத்தை எட்டிப் பார்ப்பார்.

நாளைக்கு: கேஸ் புக் பண்ண. மகிக்கு ராகி வறுக்க. அவருக்கு போன். அவர் இருக்கும் தெற்குத் தீவில், கேம்பல் பேயில், மூன்று நாளாக லைன் சரியில்லை, ‘ஹலோ, ஹலோ’ என்பதோடு சரி. மாமியாரும் மருமகளும் அனுசரித்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு டிரான்ஸ்ஃபரில் போனவர். நாலு மாதம்.

திங்கட்கிழமை ஃபெர்ரியில் நடந்ததை எழுத வேண்டும். நடந்தது என்றால், ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் பாம்பூஃப்ளாட்டிலிருந்து எதிர்க்கரை சாத்தாம் போக கால் மணி நேரம்கூட ஆகாது. ஓரக் கம்பி பக்கம் நின்றிருந்தேன், மகி தோளில். ஒன்பது மாதக் குழந்தை, தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு. என் குரலிலேயே. மகியை இறுக்கிக்கொண்டு பின்னால் போய் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கெட் கிழிப்பவர்: “க்யா ஹுவா மேடம், சக்கர் வருதா? எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க.”

தலைசுற்றல்தான் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து மாடிப்படியிலும் அதே நினைப்பு. கிணற்றுப் பக்கமும். வரக்கூடாது என்று சொல்லச் சொல்ல வருகிறது. படி இறங்கும்போது மகியை அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன்.

“பெத்தவ நீயா நானாத்தா? இடுப்புல வச்சா தேய்ஞ்சா போயிருவ?”

ஜூலை 11, வெள்ளி

ஆஸ்பத்திரி வார்டு. மழை நின்று வெயில், புழுக்கம். மகி தூங்குகிறாள். அவள் கையில் ஊசிக் குழாய். ஒழுங்காக எழுத வரவில்லை.

காலையில் காய்ச்சல். பத்து மணிக்கு உடம்பு கொதித்தது. பக்கத்து ஹெல்த் சென்டரில் மருந்து கொடுத்து, குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். குறையவில்லை. அத்தைக்கு முட்டிவலி, நான் மட்டும்தான் போக வேண்டும். நான் மட்டும், மகியோடு, ஃபெர்ரியில்.

அத்தையிடம் சொன்னேன்: “கடல் மோசமாம். ஃபெர்ரி பந்த்.”

இங்கே யாரும் சந்தேகப்படாத பொய். மாதத்தில் இரண்டு நாளாவது உண்மையாகவே நிற்கும்.

ஆட்டோ பிடித்து விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் என்று தீவையே சுற்றிக்கொண்டு ரோடு வழியாக. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பாதி வழியில் மகியின் கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, “திருப்பிப் படுக்க வைங்க, ஒருக்களிச்சு, ஒருக்களிச்சு” என்று கத்தினார். தானாகவே நின்றது அது. எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டதற்கு என்னால் சொல்ல முடியவில்லை.

காய்ச்சல் வலிப்பாம். இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு வருவதுதானாம், பயப்பட வேண்டாமாம்.

நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே: “பாம்பூஃப்ளாட்டா? ஃபெர்ரி சாலுதானே, ஓடிட்டுத்தானே இருக்கு? ரோட்ல எதுக்கு வந்தீங்க?”



ஜூலை 12, சனி

காய்ச்சல் இறங்கியது. அரை சங்கு பால் குடித்தாள்.

அத்தை வந்தார், முட்டிவலியோடு. ஃபெர்ரியில்தான் வந்திருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நேத்து விடிஞ்சதுலருந்து ஓடிருக்கு. ஜெட்டில கேட்டேன்.”

நான் தூக்கை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன்.

“புள்ளைய வச்சுக்கிட்டு ஊர்கோலம் போயிருக்க. என்னத்துக்குத்தா? வாயத் தொறந்து சொல்லு.”

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மகியை என்னிடமிருந்து வாங்கிவிடுவார். வாங்குவதுதான் சரியோ என்றும் தோன்றியது. அழுதேன். அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை.

காலேஜில் சைக்காலஜி லேபில் ஒரு சோதனை. கம்ப்யூட்டரில் அம்பு வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், பீப் கேட்டால் அழுத்தக்கூடாது. பீப் தாமதமானால் விரல் அதற்குள் கிளம்பியிருக்கும், நிற்காது. பக்கத்தில் இருந்தவள், “உனக்கு பிரேக்கே கிடையாதுடி, லாரில மாட்டிவிட வேண்டியதுதான்” என்பாள். தப்பக்கூடாது என்று நான் ஒவ்வொரு அம்புக்கும் பீப் வருமோ என்று காத்திருந்து அழுத்தினேன். மேடம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, இது செல்லாது, நீ எல்லாவற்றுக்கும் லேட், என்றார். அப்போது சிரித்தேன். நேற்றும் அதைத்தான் செய்திருக்கிறேன். வராத பீப்புக்குக் காத்திருந்து, ரோட்டில் லேட்டானவள்.

ஜூலை 14, திங்கள்

டிஸ்சார்ஜ். தூறல்.

பேப்பர் வாங்கும்போது லேடி டாக்டர் தனியாக இருந்தார். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். பாதி சொன்னேன். கம்பி பக்கம் வந்த நினைப்பை மட்டும்.

“நினைப்பு வர்றதும் கை செய்யறதும் ஒண்ணு இல்லைங்க. கைக்கு மூளை பிரேக் போடும். நினைப்புக்குப் போடப் போனா அது இன்னும் வரும். நீங்க பயந்து பின்னால போய் உக்காந்தீங்களே, செய்ய ஆசை இருக்கறவங்க அப்படிப் போக மாட்டாங்க.”

மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினாள். வியாழக்கிழமை ஓ.பி. கூட யாரையாவது அழைத்து வரச் சொன்னாள்.

அவள் சொன்னது புரிகிறது. படித்ததுதான். புரிந்தும் கை நம்பவில்லை.

திரும்பி வரும்போது ஃபெர்ரியில் மகி அத்தை மடியில். நான் எதிரில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மகி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். அத்தை, “வாங்கிக்கத்தா, கேக்குறால்ல” என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கையை மடக்கிக்கொண்டாள். அழக்கூட இல்லை.

இதற்கு மேல் நோட்டிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, மகி அப்பா, உங்களிடம்தான் சொல்ல வேண்டும். புதன்கிழமை ஹேடோ துறைமுகத்திலிருந்து அங்கே கப்பல். உங்களுக்கான மாத்திரைப் பார்சலை வாங்க உங்கள் ஆபீஸ்காரர் வருகிறார். இந்தப் பக்கங்களைக் கிழித்து அதற்குள் வைத்து ஒட்டி அனுப்புகிறேன். போனில் அத்தை பக்கத்தில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியாது, லைனும் நிற்காது. முதலிலிருந்து படியுங்கள். நான் நம் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை. செய்துவிடுவேனோ என்றுதான் பயம்.

இந்த வியாழனுக்கு உங்களால் முடியாது. அடுத்த வியாழனுக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர லீவு கிடைக்குமா? கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், படித்ததும் பதில் போடுங்கள்.