பதிமூன்றாவது குழாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கண் அறுவைக்குப் பிறகு நீங்கள் டாக்டர் சொன்னபடி குப்புறப் படுத்துக்கொண்டே இதைக் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆகவே இந்தக் கடிதம் பாதி உங்களுக்கு, பாதி வாசித்துக்காட்டும் அண்ணிக்கு. அண்ணி, நான் உங்கள் வீட்டுக்காரருக்கு எதிர் மேசையில் வேலை பார்ப்பவள். ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு வந்து, வெட்கமில்லாமல் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவள். நிரல் எழுதும்போது வரி முடிவில் அரைப்புள்ளி போட மறந்து மறந்து, ஆபீஸில் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது.

போன் செய்யலாமே என்பீர்கள். செய்தால் "சரி சரி, பார்ப்போம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அண்ணி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்கள் ராஜினாமாக் கடிதத்தை முதலாளி படித்தார். 'வலது கண் ஏற்கெனவே போய்விட்டது, இடது கண்ணிலும் கத்தி வைத்தாயிற்று, இனி என்னால் உங்களுக்குப் பாரம்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். மாத முடிவில் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கும் என்று கடைசியில் முனகினார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அண்ணா. பார்வை வருமா வராதா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

சரி, அது கிடக்கட்டும். ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அண்ணிக்காகக் கொஞ்சம் முன்கதை. நாங்கள் செய்வது தண்ணீர்க் குழாய், விளக்கு, மின்விசிறி போன்றவற்றை நேரப்படி இயக்கும் சின்னப் பெட்டிகள். வாங்குகிறவர்கள் தாங்களே கட்டளை எழுதிக்கொள்ள எங்களிடம் ஓர் எளிய மொழி இருக்கிறது. அதைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். கம்பைலரின் வாசலில் நிற்பது பார்சர். எழுதியதை வார்த்தை வார்த்தையாகப் படித்து, எது எதற்குள் அடங்கும் என்று முடிவு செய்வது அதன் வேலை.

நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் பெட்டி வாங்கினார். பன்னிரண்டு பாத்தி, பன்னிரண்டு குழாய். ஒவ்வொன்றாகத் திறந்து, பத்து நிமிடம் விட்டு, மூட வேண்டும். அவர் எழுதியது மூன்றே வரி. ஒரு குறி விடாமல், கூட்டாமல் எழுதுகிறேன். 'எண்' என்று ஒரு பெயர், ஒன்றில் தொடங்கு, பன்னிரண்டைத் தாண்டும்வரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே திரும்பச் செய். 'எண்' ஆவது குழாயைத் திறந்து பத்து நிமிடம் ஓட விடு. 'எண்' ஆவது குழாயை மூடு.

அவ்வளவுதான். பன்னிரண்டு குழாயும் வரிசையாகத் திறந்தன. ஒன்றுகூட மூடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நாற்றெல்லாம் மிதக்கிறதாம். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகப் பேசினார். குழாயைச் சோதித்தோம், கம்பியைச் சோதித்தோம், பெட்டியைப் பிரித்து மேய்ந்தோம். எல்லாம் சரி. அந்த மூன்று வரியை முறைத்து முறைத்து என் கண்ணே பூத்துவிட்டது.

உங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. கேட்கத்தான் சொல்கிறேன். எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
அரைப்புள்ளி

*

அன்புள்ள அரைப்புள்ளிக்கு,

நல்லா இரு. (எழுதுவது அண்ணி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் வார்த்தை நடுவில் வந்தால் இப்படி அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.)

முதலில் உன் கடிதத்தைக் கேட்கவே எனக்கு விருப்பமில்லை. (பொய். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட, அப்புறம் என்ன என்று கேட்டார்.) அந்த மூன்று வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். உன் அண்ணி எதையும் மூச்சுவிடாமல் வாசிப்பவள். பத்திரிகையில் கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி எல்லாம் அவள் வாயில் ஒரே ஓட்டம்தான். (பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.) அதனால்தான் பிடிபட்டது.

நான் பார்க்காமலே சொல்கிறேன். அந்தப் பண்ணைக்காரர் இரண்டாவது, மூன்றாவது வரிகளை ஒரே அளவு உள்தள்ளி, அழகாக எழுதியிருக்கிறார். சரிதானே? அதைப் பார்த்ததும் இரண்டும் லூப்புக்குள், அதாவது திரும்பச் செய்யும் வட்டத்துக்குள், இருப்பதாக உங்கள் கண் முடிவு செய்துவிட்டது. உள்தள்ளியிருப்பது காதுக்குக் கேட்காது. பார்சருக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அடைப்புக்குறிதான். அடைப்புக்குறி போட்டால், அதற்குள் இருப்பதெல்லாம் லூப்புக்குள். போடாவிட்டால் அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளை மட்டும்தான். நீ ஒரு குறி விடாமல் எழுதியதாகச் சொன்னாய், அதில் அடைப்புக்குறி இல்லை. ஆகவே 'திற' உள்ளே, 'மூடு' வெளியே. பன்னிரண்டையும் திறந்து முடித்த பிறகு 'மூடு' ஒரே ஒரு தடவை ஓடியிருக்கிறது.

எந்தக் குழாயை மூடியது என்று யோசி. பன்னிரண்டைத் தாண்டினால்தான் லூப் நிற்கும். அப்போது 'எண்' பதிமூன்று. இல்லாத பதிமூன்றாவது குழாயை நம் பெட்டி ஒழுங்காக மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

தப்பு அவருடையது என்று கை கழுவிவிடலாம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'எண்' என்ற பெயர் லூப்பின் தலைப்பில் பிறந்தது. லூப் முடிந்ததும் அதன் ஆயுளும் முடிய வேண்டும். வெளியே அதை எழுதியபோது, 'இது யார், எனக்குத் தெரியாதே' என்று பார்சர் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் ஒரு நாற்றுகூட மூழ்கியிருக்காது. ஏன் நிறுத்தவில்லை? லூப் தொடங்கும்போது பார்சர் ஓர் அறையைத் திறந்து அந்தப் பெயரை அதில் வைக்கிறது. முடிவு அடைப்புக்குறியைப் பார்த்ததும் அறையைப் பூட்டுகிறது. அடைப்புக்குறியே இல்லாவிட்டால் பூட்டுவது யார்? போய்ப் பார். ஒருவரும் இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

நம் சோதனையில் ஏன் சிக்கவில்லை என்று கேட்பாய். நாம் எல்லாரும் ஒற்றை வரிக்கும் அடைப்புக்குறி போடுகிறவர்கள். போடாதவர்களை நான் திட்டுவேன். நம் சோதனை நிரல்களில் அடைப்பில்லாத லூப் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பார். நம் ஒழுக்கம்தான் நம்மைக் கவிழ்த்திருக்கிறது.

சரி செய்யும்போது அவசரப்படாதே, உன்னை எனக்குத் தெரியும். 'இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது' என்ற கட்டளையையும் சேர்த்துப் பார். நிபந்தனையில் பிறந்த பெயர் 'இல்லாவிட்டால்' கிளைக்கும் தெரிய வேண்டும். முதல் கிளை முடிந்த கையோடு பூட்டைப் போட்டுவிடாதே. எல்லாக் கிளையும் முடிந்த பிறகுதான் பூட்டு.

இப்படிக்கு,
அண்ணா

(இனி எல்லாம் என் வார்த்தை. எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துக்காட்டச் சொல்வார், இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். அறுவைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார், அந்தப் பதிமூன்றாவது குழாய்க்காக. வேலையை விடுவது பற்றிக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை, ஏற்கெனவே தலையணைக்குள்தான் இருக்கிறது. மணி என்ன என்று கேட்டார். வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அவர் முன்னால் தைரியமாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.)

*

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பந்தயத்தில் நீங்களே ஜெயித்தீர்கள். அறையைத் திறக்க ஆள் இருந்தது, அடைப்பில்லாத பாதையில் பூட்ட ஆள் இல்லை. பெட்டியின் பதிவைத் தோண்டிப் பார்த்தோம். 'குழாய் பதிமூன்று, மூடு' என்று கட்டளை போயிருக்கிறது. இப்போது பூட்டு போட்டாயிற்று. அதே மூன்று வரியைக் கொடுத்தால் மூன்றாவது வரியில் பார்சர் நின்று, 'எண்' யாரென்று கேட்கிறது. நீங்கள் அவ்வளவு சொல்லியும் 'இல்லாவிட்டால்' கிளைக்கு முன்னாலேயே பூட்டித் தொலைத்தேன். சோதனைக்காரர் பிடித்துவிட்டார். திட்ட நினைத்தால் திட்டிக்கொள்ளுங்கள், கேட்டு நாளாயிற்று.

பண்ணைக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். "இல்லாத குழாயையாவது மூடினீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். பெட்டிகளைத் திருப்பி அனுப்பவில்லை. மறுபடியும் விதை போடுகிறார்.

இப்போது தினமும் ஒருவர் நிரலை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். சோதனைக்காரர் தூங்கிவிடுகிறார் என்பது வேறு விஷயம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றையும் உங்கள் கணினியில் ஏற்றியிருக்கிறோம். அதுவும் மூச்சே விடாமல்தான் வாசிக்கிறது. அண்ணி அளவுக்கு வேகம் இல்லை.

உங்கள் கடிதத்தை முதலாளிக்கு வாசித்துக்காட்டினேன், அண்ணியின் அடைப்புக்குறிகளை விட்டுவிட்டு. அவர் மேசை இழுப்பறையிலிருந்து உங்கள் ராஜினாமாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "ரெண்டு கண்ணும் தெரிஞ்சா வரட்டும். ஒண்ணு தெரிஞ்சா வரட்டும். ஒண்ணுமே தெரியலைன்னாலும் வரட்டும். அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை நிபந்தனை எந்தப் பக்கம் விழுந்தாலும், எல்லாக் கிளையிலும் உங்கள் பெயர் இங்கே செல்லும் அண்ணா. பூட்டுகிற வேலை எனக்குச் சரியாக வராது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

ஒரு வரி எழுதுங்கள். என்ன வரியாக இருந்தாலும் சரி.

உங்கள் தங்கை,
அரைப்புள்ளி

*

அரைப்புள்ளி,

இதை நானே எழுதுகிறேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. எழுத்து பூசணிக்காய் அளவு, ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்குகிறது. எங்கே தொடங்குகிறது என்று பார்க்காதே, உனக்குத்தான் இப்போது தெரியுமே.

கட்டுப் பிரித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. ஜன்னல் தெரிகிறது, அண்ணியின் புடவை நிறம் தெரிகிறது. எழுத்தெல்லாம் இன்னும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மெல்ல மேலே வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எவ்வளவு வந்தாலும் நான் வருகிறேன். உன் கையில் இருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போடு.

எனக்காக ஒன்று செய். போன கடிதத்தை முடித்ததும் உன் அண்ணி எனக்கு வாசித்துக்காட்டினாள். அடியில் ஏதோ ஓரிடத்தைத் தாண்டினாள். மூச்சுவிடாமல் வாசிக்கிறவள் அங்கே மட்டும் மூச்சு விட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். பயப்படாதே என்று அவளுக்கு ஒரு கடிதம் போடு. நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

அண்ணா