விரலில் தட்டாத மூலை

என்னங்க,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் விட்டதா?

நேற்று ஒரு வீட்டில் கதவு நிலையைச் சுற்றிப் பூவேலை செய்த மெல்லிய மரச்சட்டம், அதுதான் பீடிங், அடித்தோம். நிலை கோணல். வழக்கம்போல் நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் அறுத்த துண்டுகள் மூலையில் சேராமல் வாயைப் பிளந்தன.

"இடுக்குல பட்டி பூசி அடைச்சிடும்மா. ஓனருக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார் மேஸ்திரி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மூலைக்கு ஏற்றபடி ஒரு தாளை மடித்துச் சாய்வை எடுத்தேன். இரண்டு துண்டுகளையும் புதிதாக அறுத்து, உளியால் மயிரிழை அளவு சீவிச் சீவிப் பொருத்தினேன். உளி என் விரலையும் கொஞ்சம் விசாரித்தது. பிளாஸ்திரி போட்டாயிற்று, கவலைப்படாதீர்கள்.

மாலையில் ஓனர் வந்து பீடிங்கை விரலால் தடவிக்கொண்டே போனார். மூலைக்கு வந்ததும் திரும்பவும் தடவினார்.

"இங்க எங்கம்மா சேர்த்திருக்க?"

நான் அவர் விரலைப் பிடித்து இணைப்பின் மேலேயே வைத்தேன். அப்போதும் அவருக்குத் தட்டுப்படவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பாப்பாவைச் சுவரோடு நிற்கவைத்து, உச்சியிலிருந்து கால்வரை நூலில் அளந்து, அந்த நூலை அனுப்புங்கள். போட்டோவில் உயரம் தெரிவதில்லை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுத் தச்சர்