ஓடை வற்றட்டும் என்று உட்கார்ந்தது

ஐப்பசி, வெள்ளி இரவு. போடி.

இன்று நானும் மீனாட்சியும் குரங்கணிக்கு மேலே ஓடையைத் தாண்டி மலையேறினோம். தூத்துக்குடியில் உத்தியோகம் பார்த்தபோதும் இப்படித்தான். தோணியில் போவோம், ஓதம் இறங்கிக் கடல் வற்றும்போது மணல்திட்டுகளுக்கு நடந்து போவோம். அண்ணனுக்கு அது அன்றும் பிடிக்கவில்லை. "பொண்டாட்டியோட ஊரு சுத்தவா ஒன்ன படிக்க வச்சோம்?" என்று காலையிலும் கேட்டார். அப்பாவின் ஏலத்தோட்டத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவருக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எங்கே போகிறோம் என்று சொல்லாமலே கிளம்பினோம்.

திரும்பும்போது ஓடை முழங்கால்வரை பெருகியிருந்தது. கடற்கரைப் பழக்கத்தில், கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும் என்று இருவரும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டோம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இருட்டுமுன் வீடு சேராவிட்டால் அண்ணன் ஆள் அனுப்பித் தேடுவார். அதன்பின் மீனாட்சியை வாசல் தாண்ட விடமாட்டார்.

அவள்தான் முதலில் சிரித்தாள். "ஏங்க, இது கடலா வத்துறதுக்கு? மேல மழ பெய்யிது. வெரசா எந்திரிங்க."

"இழுத்துட்டுப் போயிரும்டி."

"அலையில நின்னவுகதானே? கையப் புடிங்க."

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கைகோத்துக் கரையேறினோம்.

வாசலில் அண்ணன் நின்றார். "என்னடா, ஓடையில விழுந்தீகளா?"

நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "குளிச்சிட்டு வந்தோம் அத்தான். தண்ணி நல்லாருந்துச்சு."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மழை விட்டதும் மறுபடி போகலாமா என்று இப்போது கேட்கிறாள். போகலாம். இந்தமுறை அண்ணனிடம் சொல்லிவிட்டே போகவேண்டும்.