மூன்று நாள் நிறுத்திய ஊசி

கோலசிலாங்கூர்
19.8.1985

அன்பு மகன் தனபாலனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரி கையில் வரவில்லை. நீயாவது டாக்டருக்குப் படிக்கிற மைசூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். தங்கச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. ஊசி நின்றதால் போய்விட்டாள் என்று தந்தியில் ஒரு வரிதான் கொடுத்தேன், அதற்குள் நீ இரண்டு கடிதம் போட்டுவிட்டாய், ஊசியை யார் நிறுத்தச் சொன்னது என்று. நான்தான்.

ஆடித் திருவிழாவில் சந்திரிகா பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருந்தது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை சாயந்திரம் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டினால் கவுச்சி ஆகாது. அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் மாட்டு உடம்பிலிருந்து எடுப்பது என்று நீ ஒரு தடவை எழுதியிருந்தாய், அது என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோயிலுக்குத் தலைவர் நான், தலைவர் வீட்டுப் பெண்ணே மாட்டு மருந்தை ஏற்றிக்கொண்டு குடம் தூக்கினாள் என்று நாளைக்கு எவனாவது சொன்னால் என் மூஞ்சியை எங்கே வைப்பது என்றுதான் நினைத்தேன், வேறென்ன. விரதத்தில் சாப்பாடே கிடையாது, மோரும் இளநீரும்தான், சாப்பிடாத உடம்பில் இனிப்பு எங்கே ஏறப்போகிறது, மூன்று நாள் ஊசி வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு நாளும் விடக்கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காருப்பா, அவரக் கேக்காம முடியாது என்றாள். அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அண்ணனுக்கு எழுதிக் கேட்டாயிற்று, மூன்று நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று பதில் போட்டிருக்கிறான் என்றேன். உன் பேரைச் சொன்னதும் ஊசி டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வாந்தி, ஓயாத தாகம். விரதக் களைப்பு என்றேன். ஞாயிறு காலை குடத்தைத் தலையில் வைத்ததும் மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது, வாயில் அழுகிய பழத்தின் வாடை. ஆத்தா எறங்கிட்டா என்று சன்னாசி பூசாரி வேப்பிலையை எடுத்தார். மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னவன் நான். அரை மணி நேரம் சனங்கள் அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள் தம்பி, பிள்ளை செத்துக்கொண்டிருந்தது. கீழே விழுந்த பிறகுதான் தோட்டத்து லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் வாகீஸ்வரி என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, தாளில் படம் போட்டுக் காட்டினார். உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் செல்லுக்குள்ளே அதை வெட்டி இரத்தத்துக்கு அனுப்பும் என்சைம் இருக்கிறதாம். பட்டினி கிடந்தால் அது வேலையைத் தொடங்கும். நமக்குக் கொஞ்சம் இன்சுலின் எப்போதும் ஊறிக்கொண்டே இருந்து அதை மட்டுக்குள் பிடித்துவைக்குமாம். சந்திரிகாவுக்குச் சொந்த இன்சுலின் கிடையாது, ஊசியையும் நிறுத்தியாயிற்று, வெறும் வயிறும் பதற்றமும் வேறு அந்த என்சைமை முடுக்கிவிட, மூன்று நாளும் அது கொழுப்பை வெட்டித் தள்ளியிருக்கிறது. வந்து குவிந்ததையெல்லாம் ஈரல் அமிலமாக்கி இரத்தமே புளித்துப்போயிற்றாம். அந்த வாடையும் மூச்சும் அதுதான். மேற்பார்க்க மண்டோர் இல்லாத நாளில் செம்பனைத் தோட்டத்தில் பழுக்காத குலையையும் சேர்த்து வெட்டிச் சாய்ப்பார்களே, அப்படி. இருபது வருசம் மண்டோர் வேலை பார்த்தவனுக்கு இது புரியவில்லை. சாப்பிடாத நாளிலும் ஊசி கட்டாயம் வேணும் ஐயா, அளவை வேணுமெண்டால் நாங்கள் குறைப்பம், நிப்பாட்டக் கூடாது என்றார். செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. லோரியில் என் மடியில் கிடந்தபோது ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். அண்ணன வையாதீங்கப்பா, அவரு தெரியாம எழுதிட்டாரு என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. உன் அம்மா தாயம்மா எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து உன் கடிதத்தைக் கையால் தொடமாட்டேன் என்கிறாள். படிச்சவன்னு நம்புனமே, தங்கச்சியக் கொன்னுட்டானே என்று பக்கத்து லயம் வரைக்கும் கேட்க அழுகிறாள். பதினாறு நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொன்னது நான் என்று அவளிடம் சொல்லவில்லை. என்னைப்போல ஒரு கோழை இந்தத் தோட்டத்தில் கிடையாது.

பரீட்சையை விட்டுவிடாதே. டாக்டராகி வந்து எங்களைப்போன்ற சனத்துக்கு ஊசி போடு என்று மட்டும் சொல்லாதே, விட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சொல்லு. குளிர் நாளில் போர்வை இல்லாமல் படுக்காதே. என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, வாங்கிக்கொள்ள மனம் வந்தால் வாங்கிக்கொள்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்து இதை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டப்போகிறேன். வாசிக்காமல் தபாலில் போடமாட்டேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அம்மாவுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
உடையப்பன்