வாசலில் நின்று கூப்பிடு

மார்ச் 4, செவ்வாய்

ஒட்டடை இன்று தானாக மாடிப்படி ஏறியது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய், காப்பகத்திலிருந்து நான் கூட்டிவந்தது. கூண்டையும் மைதானத்தையும் தவிர எதையும் பார்த்ததில்லை. இத்தனை நாள் முதல் படியைப் பார்த்ததுமே என் தொடையில் சாய்ந்துகொள்ளும். பெயர் அப்பா வைத்தது. "ஒட்டடைக்குச்சிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றார். ஓட்டக்காரன் என்று பேர்தான், பகலெல்லாம் ஹாலில் தூக்கம்.

மார்ச் 6, வியாழன்

பாப்பாவைக் கடித்துவிட்டது.

பாப்பா அண்ணன் மகள். மூன்று வயது. படுத்திருந்த ஒட்டடையின் முதுகைத் தடவியிருக்கிறாள். கன்னத்தில் பல் கீறி ரத்தம். டாக்டர் கழுவி ஊசி போட்டார். தையல் வேண்டாம் என்றார். "அது என்னைப் பாத்துட்டேதான் இருந்துச்சு அத்தை" என்று விம்மினாள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். உன் நாயைக் காப்பகத்துலயே விட்டுட்டு வந்துடு." அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

"முழிச்சிட்டா இருந்துச்சு?"

"கண்ணு திறந்திருந்துச்சாம் டாக்டர்."

"இந்த இனத்துல பலது கண்ணைத் திறந்துட்டே தூங்கும்மா. கூண்டுல தனியா கிடந்தது, தூக்கத்துல யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. திடீர்னு கை பட்டா எங்க இருக்கோம்னே தெரியாது. படுக்கைக்குத் தடுப்பு வைங்க. குழந்தையைத் தனியா விடாதீங்க. எழுப்பணும்னா தள்ளி நின்னு கூப்பிடுங்க."

தள்ளி நின்று கூப்பிடுவது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நடந்து வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உறைத்தது.

அப்பா.

அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம். தொட்டால் கை வீசும். அண்ணன் சிறுவனாக இருந்தபோது தோளைத் தொட்டு எழுப்பப் போய், முன்பல் பாதி உடைந்தது. அன்றிலிருந்து அறை வாசலில் நின்றுதான் அப்பாவைக் கூப்பிடுகிறோம்.

ஆனால் இதை எந்த வாயால் சொல்வது? பெற்ற அப்பாவையும் நாயையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதா? அதுவும் அண்ணனிடம். தான் படிக்காமல் என்னைப் படிக்கவைத்தவர். இந்த வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. 'படிச்ச திமிர்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் —

மார்ச் 8, சனி

குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். அண்ணன் நிமிர்ந்தார். "என்ன?"

"உப்பு வேணும்ணா."

உப்பு என் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நாளைக்கு வண்டி வந்துவிடும். நான் என்ன மனுஷி?

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வண்டி வாசலில் நின்றது. கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா அப்பாவின் அறைப் பக்கம் ஓடினாள். அண்ணன் பாய்ந்து பிடித்தார். "தாத்தாவைத் தொடாத. வாசல்ல நின்னு கூப்பிடு."

"ஒட்டடையும் அப்படித்தாண்ணா." பேசுவது நான்தானா? "கண்ணைத் திறந்துட்டே தூங்கியிருக்கு, டாக்டர் சொன்னார். உங்க பல்லு உடைஞ்சப்ப அப்பாவை நாம எங்கயும் கொண்டுபோய் விடலையே."

அண்ணி தட்டை வைத்துவிட்டுப் பாப்பாவை வாங்கிக்கொண்டார். அண்ணன் முகம் கறுத்தது.

"யாரை யாரோட சேர்த்துப் பேசற? இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?"

இரண்டு நாளாகப் பயந்த பேச்சு. வந்தே விட்டது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எதுவரை கேட்டாரோ.

"அவ சொன்னதுல என்ன தப்பு? அன்னிக்கு முழிச்சுப் பாக்கறேன், நீ வாயைப் பொத்திக்கிட்டு நிக்கற. அடிச்சது நான்தான்னு நீ சொல்லித்தான்டா எனக்கே தெரிஞ்சுது."

வெளியே ஹாரன் அடித்தது. அண்ணன் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி காலியாகப் போனது. அண்ணனும் அப்படியே தெருவில் நடந்து போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

அண்ணன் என்னோடு பேசவில்லை. பலகை அறுக்கும் சத்தம் மட்டும். ஒட்டடையின் படுக்கையைச் சுற்றித் தடுப்பு, பாப்பாவின் தலையைவிட உயரம்.

மார்ச் 21, வெள்ளி

பாப்பாவின் கன்னத்தில் கோடு மங்கிவருகிறது.

வேலை முடிந்து வந்தபோது அண்ணன் பனியனோடு தடுப்புக்கு வெளியே நின்றிருந்தார். காயப்போட்ட அவருடைய சட்டை உள்ளே, ஒட்டடையின் தலைக்கடியில். எப்படி இழுத்ததோ. அதன் கண் பாதி திறந்திருந்தது. கை எட்டும் தூரம்தான். அவர் கையை நீட்டவில்லை.

"ஒட்டடை" என்றார், மெதுவாக. இதுவரை 'உன் நாய்' என்றுதான் சொல்லியிருக்கிறார். "டேய் ஒட்டடை. எந்திரிடா, சட்டையைப் போட்டுட்டு நான் வெளிய போகணும்."

ஒரு காது மட்டும் அசைந்தது.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.